திவசத்துப் பீட்சாவும் மரத்தூள் காளானும்

முப்பத்தோராம் நாள் வரும்போதுதான் நம்மவர்கள் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை அச்சடிக்கிறார்கள். அதற்கு அந்த ஒருவர் முதலில் இறந்திருக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் வசிக்கும் திரு. சவுந்தரநாயகம் அவர்கள் இந்தச் சிறிய நிபந்தனையை இன்னும் நிறைவேற்றவில்லை. நிறைவேற்றும் எண்ணம் இருப்பதாகவும் தெரியவில்லை. ஆகவே அவருடைய சேவையை, குறிப்பாகக் காளான் துறையில் அவர் ஆற்றிய சேவையை, அவர் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

அவர் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் பிரதம லிகிதராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து இளைப்பாறியவர். அந்தத் திணைக்களம் என்ன செய்தது என்று கேட்டால் "நிர்வாகம்" என்பார். அவருடைய மேசைக்கு வந்த எந்த விண்ணப்பமும் முதல் தடவையில் மேலே போனதில்லை. ஒப்பம் சரியென்றால் திகதி பிழை. திகதி சரியென்றால் ஓரத்தில் விட்ட இடம் போதாது. எல்லாம் சரியென்றால், இவ்வளவு சரியாக இருப்பது எப்படி என்ற சந்தேகத்தின் பேரில் திருப்பி அனுப்புவார். இளைப்பாறிய அன்று அவருக்கு ஒரு சுவர் மணிக்கூட்டைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதையும் திருப்பி அனுப்பப் பார்த்தார். வாங்கிக்கொள்ள ஆள் இருக்கவில்லை. எல்லோரும் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள்.

இளைப்பாறிய பிறகு திருப்பி அனுப்ப ஒன்றுமில்லாமல் சில காலம் வாடினார். பின்னர் குடும்பத்தின் பக்கம் திரும்பினார். முதலில் அகப்பட்டவர் மனைவி யோகேஸ்வரி. அந்த அம்மாவுக்கு ஒரு காது மந்தம். எந்தக் காது என்பது கணவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அங்கே வேலை நடக்காது என்று கண்டுகொண்ட சவுந்தரநாயகம், வசதிப்பட்ட நாளெல்லாம் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போகத் தொடங்கினார். அங்கே மாடிக் குடியிருப்பொன்றில் அவருடைய தங்கை அன்னபாக்கியம் இருந்தார். தங்கையின் மகள் தாரிகா இருந்தாள். தங்கையின் கணவர் சிவபாலனும் இருந்தார். சிக்கல் அவரால்தான்.

சிவபாலன் கணக்காளர். சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாதவர். மாதக் கடைசியில் சம்பளம் எடுத்த அன்று கோழி போட்ட பீட்சா ஒன்று வாங்கிவந்து, பெட்டியை மடியில் வைத்தபடியே சாப்பிடுவார். கடைக்காரன் கோழியோடு காளானையும் போட்டிருந்தால், விரல் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியின் மூடியில் வரிசையாக அடுக்குவார். அவருக்குக் காளானைக் கண்ணில் காட்டக் கூடாது. சைவக் குடும்பத்தில் பிறந்தவன் மீன், இறைச்சி என்று மச்சம் சாப்பிடுவது பற்றிச் சவுந்தரநாயகம் எதிரே அமர்ந்து விரிவுரை ஆற்றும்போதெல்லாம், "மச்சான், ஒரு துண்டு கடிச்சுப்போட்டுக் கதையுங்கோவன்" என்பார். இப்படி ஒரு மனிதன் எத்தனை காலம் இருப்பான்? போன வருடம் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் என்ன வருத்தத்தில் போனவர் என்று கேட்டபோது, சவுந்தரநாயகம் ஒரே சொல்லில் பதில் சொன்னார்.

"பீட்சா."

அன்னபாக்கியம் அழுது முடித்து ஒரு வருடமாகக் காத்திருந்தார். எதற்கென்றால், கணவர் ஒருநாள் கனவிலாவது வருவாரென்று. வரவில்லை. முதலாம் ஆண்டுத் திவசம் நெருங்கியபோது அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. திவசத்தன்று படையலில் ஒரு பங்கைக் காகத்துக்கு வைப்பார்கள். காகம் எடுத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம். காகம் எடுத்தால் போனவர் வந்து சாப்பிட்டதாகக் கணக்கு. அன்றைக்காவது அந்த மனிதர் வந்து, விருப்பமாக ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். அதைத் தன் கண்ணால் காணவேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

இந்த எளிய விண்ணப்பத்தை அவர் தமையனிடம் சொன்னது பிழை. ஆனால் சொல்லாமல் செய்தால் அது அதைவிடப் பெரிய பிழை.

"அண்ணை, படையலிலை அவருக்கு ஒரு துண்டு பீட்சாவும் வைக்கப்போறன்."

சவுந்தரநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு மேசைக்கு ஒரு கோப்பு வந்திருந்தது.

"கோழியோ?"

"சிவ சிவா. திவசத்துக்கு ஆர் கோழி வைக்கிறது? வெறும் சீஸ் போதும்."

"வெறும் சீஸோ. மேலை ஒண்டும் இல்லாட்டி அது பீட்சா இல்லைப் பிள்ளை, சீஸ் தடவின பாண். நாலு சனம் வரும். சிவபாலனுக்குப் பாண் வைச்சு அனுப்பினவை எண்டு கதைப்பினம்."

"சாப்பிடுறது அவர்தானே அண்ணை, சனமே?"

"கோழிக்குப் பதிலா என்ன போடுறது எண்டதுதான் இப்ப கேள்வி. காளான் போடுவம்."

"ஐயோ, அவர் காளான் தின்னமாட்டார்."

"கோழி கிடைக்கிறவன் ஏன் காளான் தின்னுறான்? இப்ப கோழி இல்லைத்தானே. இனித் தின்னுவார்."

வங்கியிலிருந்து அப்போதுதான் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த தாரிகா நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, அப்பா செத்துப்போனார். இனிப் புதுசா ஒண்டும் பழகமாட்டார்."

"உனக்கு உதுகள் விளங்காது" என்றார் மாமா. கோப்பு அங்கீகரிக்கப்பட்டது, திருத்தங்களுடன்.

காளானைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவர் வேறெவரிடமும் விடவில்லை. பெண்களுக்கு அவசரம் அதிகம் என்பது அவர் கருத்து. அவர் வாழ்நாளில் ஒரு வெங்காயம் உரித்ததில்லை. சமையலறையில் அடுப்பு எந்த மூலையில் இருக்கிறது என்பதே அவருக்குச் செவிவழிச் செய்தி. ஆனால் தெரியாத விடயத்தில் முடிவெடுப்பதுதானே நிர்வாகம்.

சனிக்கிழமை காலையில் தாரிகாவையும் கூட்டிக்கொண்டு முதலில் ஒரு பெரிய கடைக்குப் போனார். குளிரூட்டிய தட்டில், பிளாஸ்டிக் தாள் போர்த்திய சிறு பெட்டிகளில், பொத்தான் போன்ற வெள்ளைக் காளான்கள் அடக்கமாக உட்கார்ந்திருந்தன. தாரிகா ஒன்றை எடுத்துக் கூடைக்குள் போடப் போனாள்.

"பொறு. உது எதிலை முளைக்குது?"

கடைப் பையனுக்குத் தெரியவில்லை. தாரிகா போனில் தேடிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னது அவள் செய்த பிழை.

"வைக்கோலும் எருவும் கலந்து உக்க வைச்சு, அதிலை வளர்ப்பினமாம். குதிரை எரு, கோழி எரு..."

"வை கீழை. எருவிலை முளைச்சதைப் பிதிருக்குப் படைக்கிறதோ?"

"மாமா, கத்தரிக்காய்க்கும் எருதான் போடுறது."

"அது வேருக்கு. இது உடம்பு முழுக்க எரு. அதுவும் கோழி எரு. கோழி வேண்டாமெண்டுபோட்டுக் கோழியின்ரை மற்றதை வைக்கிறதோ?"

பக்கத்தில் யோகட் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி யோகட்டைத் திருப்பி வைத்துவிட்டு நடந்தார்.

அடுத்ததாக நுகேகொடைச் சந்தை. அங்கே சிப்பிக் காளான் பொலித்தீன் பைகளில் குவிந்து கிடந்தது. சவுந்தரநாயகம் ஒரு பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முப்பது வருடத்துக்கு மேல் சிங்களத்தில் கடிதங்களைத் திருப்பி அனுப்பியவர். பேசும்போது மட்டும் சொற்கள் அவருக்கு ஒத்துழைப்பதில்லை.

"மேக்க மொகேத ஹெதுவே?" இது எதில் வளர்த்தது என்று விற்பவளைக் கேட்டார்.

"ரப்பர் லீ குடு, மஹத்தயா."

"ரப்பர் மரத்தூளாம்" என்றாள் தாரிகா.

அவர் முகம் மலர்ந்தது. "மரத்தூள். மரம் சைவம். பாத்தியே, தேடினாத்தான் கிடைக்கும்."

இனிப் பையைத் தெரிவுசெய்ய வேண்டும். முன்வரிசையில் இருந்த பைகளில் காளான்கள் காய்ந்த துணிபோல் உலர்ந்து, இதழ் இதழாக விறைத்து நின்றன. பின்னால், மதியத்துக்குள் போகாவிட்டால் எறிந்துவிடலாம் என்று விற்பவள் ஒதுக்கி வைத்திருந்த பைகளில் உள்ளே நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. காளான்கள் ஒன்றோடொன்று ஒட்டி, விளிம்பில் லேசாக மஞ்சள் பூத்துக் கிடந்தன. சவுந்தரநாயகம் முன்வரிசையைக் கையால் விலக்கினார்.

"காய்ஞ்சது பழசு. ஈரமா இருக்கிறதுதான் புதுசு. விடியப் பனியோடை பிடுங்கியிருக்கினம்."

"மாமா, அது வேர்த்திருக்கு. மணந்து பாருங்கோ."

"மணந்தாப் பிறகு படைக்கேலாது" என்றார் அவர். சாத்திரம் அறிந்தவரோடு வாதாட முடியாது.

பின்வரிசை முழுவதையும் வாங்கினார். விற்றவளின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை அவர் தனக்குச் செய்த மரியாதையாக எடுத்துக்கொண்டு தலையை அசைத்தார்.

மறுநாள் திவசம். அன்று பின்னேரமே ஆயத்தம் தொடங்கியது. சவுந்தரநாயகம் சாப்பாட்டு மேசைக் கதிரையைச் சமையலறை வாசலில் போட்டு அமர்ந்தார். காளானைக் கையால் நீளவாக்கில் கிழித்து, எண்ணெய் அதிகமில்லாமல் பெருநெருப்பில் தண்ணீர் வற்றும்வரை வதக்கி, ஆறவைத்துத்தான் பீட்சாவின் மேல் போடவேண்டும், இல்லாவிட்டால் அதன் தண்ணீரெல்லாம் மாவுக்குள் இறங்கிவிடும் என்று தாரிகா சொன்னாள். வீடியோவில் பார்த்திருந்தாள்.

"கழுவாமலோ?"

"மேலாலை துடைச்சாக் காணும், மாமா. கழுவினா தண்ணியைக் குடிச்சிடும்."

இதைக் கேட்டு அன்னபாக்கியமே கொஞ்சம் திகைத்தார். யாழ்ப்பாணத்துச் சமையலறைக்குள் காய்கறி என்று பார்த்தவுடன் சொல்ல முடியாத எந்தப் பொருளும் மீனைப் போல மஞ்சளில் குளித்துத்தான் நுழைய முடியும். காளானோ, பார்த்தால் மரக்கறி, தொட்டால் மச்சம். இந்த இடத்தில் தமையனும் தங்கையும் ஒன்றுபட்டார்கள். அந்த ஒற்றுமை தங்கைக்கு முதல் தண்ணீரோடு முடிந்தது, தமையனுக்கு முடியவில்லை.

மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தார்கள். பிறகு உப்புத் தண்ணீர். பிறகு தேசிக்காய் பிழிந்த தண்ணீர். நடுவில் யாரோ ஈரக்கையைத் துடைக்காமல் தொட்டார்கள் என்று மறுபடியும் மஞ்சள்.

"காணும் அண்ணை, பஞ்சு மாதிரி ஊதிப்போச்சு. பிழிஞ்செண்டாலும் எடுக்கட்டே?"

"பிழியாதை. சத்துப் போயிடும்."

"ஆருக்கு மாமா சத்து?" என்றாள் தாரிகா.

பிறகு பீட்சா சுடும் மின்போறணையின் முறை. சிவபாலன் உயிரோடு இருந்த காலத்தில் அதற்குள் கோழிகள் போய்வந்திருக்கின்றன. எனவே அதையும் உள்ளும் புறமும் மஞ்சளும் தேசிக்காயும் கொண்டு துடைக்கச் செய்து, வெறுமையாகச் சூடேற்ற உத்தரவிட்டார். வீடு முழுவதும் மீன் கழுவிய வாடை வீசியது. அந்த வீட்டில் அன்று மீன் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசியாக அவர் பல்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். கீழ் மாடியில் ரிஸ்லா என்றொரு இளம் தாய் இருந்தாள். மீன் தலையையும் முள்ளையும் பல்கனிக் கைப்பிடிச் சுவரில் வைத்துக் காகங்களை வளர்த்துவந்தவள்.

"பிள்ளை, நாளைக்கு எங்கடை வீட்டிலை திவசம். காகத்துக்கு ஒண்டும் போட்டிடாதையுங்கோ. வயிறு காய்ஞ்சு வரவேணும்."

"சரி அங்கிள்" என்றாள் ரிஸ்லா. "ஆனா இந்தக் காகம் எல்லாம் கொத்துக் கடைலதான் சாப்பிடுது. என்ட கையில இல்ல."

மறுநாள் ஐயர் வந்தார். கிரியையை முடித்தார். அடுத்த வீட்டில் ஆள் காத்திருக்கிறது என்று தட்சணையை மடியில் செருகிக்கொண்டு படியிறங்கினார். வந்திருந்த சனம் வரவேற்பறையில் இலை விழுவதைக் காத்து உட்கார்ந்திருந்தது. பீட்சா போறணையிலிருந்து இறங்கியது. அதன் நிலைமையை, மழைக்குப் பிந்திய வெள்ளவத்தைப் பெருந்தெருவான காலி வீதியோடு ஒப்பிட்டால் வீதிக்கு அவமரியாதை. நடுவில் மஞ்சள் குளம். அதில் காளான்கள் சுருண்டு மிதந்தன. சீஸ் ஓரமாகக் கரையேறியிருந்தது.

"சாறு" என்று சவுந்தரநாயகம் வந்தவர்களுக்கு விளக்கினார். "நல்ல காளான் எண்டா சாறு வரும்."

அன்னபாக்கியம் கத்தியோடு வந்தார். குளத்தில் நனையாத ஓரத்தில், சீஸ் திரண்டிருந்த ஒரு முக்கோணத்தை வெட்டியெடுத்தார். இலையில் சோறு, கறிகள், வடை, பாயாசம், அவற்றின் பக்கத்தில் அந்தத் துண்டு. மேலே காளான்களைச் சவுந்தரநாயகம் தம் கையால் எடுத்துவைத்தார். இலையைப் பல்கனிக் கைப்பிடிச் சுவரில் வைத்துத் தண்ணீர் தெளித்தார்கள்.

காகம் வரவில்லை.

சவுந்தரநாயகம் முன்னே வந்து, முன்பு பியோனைக் கூப்பிட்ட அதே குரலில், "கா, கா" என்றார். எதிர்க் கட்டிடத்து மதிலில் ஒரு காகம் இருந்தது. கடற்கரையில் மீனும், காலி வீதியில் புரியாணியும், சந்திக்குச் சந்தி கொத்துரொட்டியும் சாப்பிட்டு வளர்ந்த வெள்ளவத்தைக் காகம். அது இலையைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. பின்னர் மற்றப் பக்கம் திரும்பி இறகைக் கோதத் தொடங்கியது. திருப்பி அனுப்பப்படுவது எப்படியிருக்கும் என்பதை அவர் அன்றுதான் முதல்முறையாக அனுபவித்திருக்க வேண்டும். ஆனால் அவர் அதை அனுபவமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆரோ தீட்டோடை இலையைத் தொட்டிருக்கினம்" என்று அறிவித்தார்.

வரவேற்பறையில் ஒருவர் எழுந்து இன்னொரு அலுவல் இருப்பதாகச் சொன்னார். பிள்ளைகள் வடை கேட்டு அழுதன. யோகேஸ்வரி அம்மா இரண்டு காதும் கேளாதவராகச் சுவரில் சாய்ந்திருந்தார். அன்னபாக்கியம் பல்கனிக் கதவைப் பிடித்தபடி நின்றார். ஒரு வருடம் காத்திருந்த பெண், கண்ணை இலையிலிருந்து எடுக்கவில்லை.

"அண்ணை, நீங்கள் கொஞ்சம் உள்ளை வாருங்கோ."

"ஏன்?"

"நீங்கள் நிண்டா அவர் வரமாட்டார்."

"நான் நிண்டா அவருக்கு என்ன?"

"உயிரோடை இருக்கேக்கையே, நீங்கள் லிஃப்டிலை ஏறினா அவர் படியாலை இறங்கிற ஆள்."

வரவேற்பறையில் யாரோ இருமினார்கள். இருமல் அல்ல அது. சவுந்தரநாயகம் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தாமாகவே தீர்மானித்ததுபோல உள்ளே வந்து கதிரையில் அமர்ந்தார்.

காகம் வந்தது.

கைப்பிடிச் சுவரில் வந்திறங்கி இரண்டு பக்கமும் பார்த்தது. சோற்றையும் கறியையும் சட்டைசெய்யவில்லை. நேரே முக்கோணத்திடம் போய்க் குனிந்தது. அலகின் நுனியால் ஒரு காளானை எடுத்தது. பக்கத்தில் வைத்தது. இன்னொன்றை எடுத்து, சற்று யோசித்து, தலையை உதறிக் கீழ் மாடிப் பக்கம் எறிந்தது. மூன்றாவதையும் எறிந்தது. இப்படியே அவசரமில்லாமல் மேலே இருந்த எல்லாவற்றையும் கழித்து முடித்த பிறகு, சீஸ் மட்டும் ஒட்டியிருந்த துண்டில் ஒரு கொத்துக் கொத்தி விழுங்கியது. மிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு கடல் பக்கமாகப் பறந்தது.

அன்னபாக்கியத்தின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சிரிப்பும் வந்தது.

"பாத்தியே தாரிகா. ஒவ்வொண்டா."

"ஓம் அம்மா. அப்பாதான்."

"காகம் எடுத்திட்டுது, இலையைப் போடலாம்" என்று சவுந்தரநாயகம் எழுந்து நின்று அறிவித்தார். "காளான் மணத்துக்குத்தான் வந்தது. வெறும் சீஸ் எண்டா வந்திருக்குமோ?"

அழைப்பு மணி அடித்தது. வாசலில் ரிஸ்லா நின்றாள். கையில் ஒரு பிள்ளையின் வெள்ளைப் பாடசாலைச் சட்டை. அதில் மஞ்சள் பொட்டுக்கள்.

"ஆன்ட்டி, கோவிக்க வாணாம். ஒங்கட காகம் மேல இருந்து மஞ்சள் ரப்பர் துண்டா போடுது. காயப்போட்ட உடுப்பெல்லாம் இப்பிடி ஆகீக்கி."

"அது ரப்பர் இல்லை. காளான்" என்றார் சவுந்தரநாயகம்.

ரிஸ்லா சட்டையில் ஒட்டியிருந்த ஒன்றைக் கிள்ளியெடுத்து இழுத்துப் பார்த்தாள். அது நீண்டு, மறுபடி சுருங்கியது.

"அப்பிடியா அங்கிள்" என்றாள் மிகுந்த மரியாதையோடு. "காகம்கூட திங்காத சாமானா தேடி வாங்கினீங்க?"

அன்னபாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பொத்தாமல் சிரித்தார். ஒரு வருடத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சட்டையைத் தானே வெளுத்துத் தருவதாகச் சொல்லி வாங்கிவைத்துக்கொண்டு, ரிஸ்லாவின் கை நிறைய வடை கொடுத்து அனுப்பினார்.

பந்தி நடந்தது. பீட்சாவில் ஒவ்வொரு துண்டு எல்லோருக்கும் விழுந்தது. எல்லோரும் அதைப் பாயாசத்தின் பின்னால் மறைத்தார்கள். தலைவாழை இலையின் முன் சவுந்தரநாயகம் நிமிர்ந்து அமர்ந்திருந்தார். அன்னபாக்கியம் இரண்டாம் தரம் சோறு கொண்டுவந்தபோது அவருடைய இலையைக் கவனித்தார். காளான்கள் எல்லாம் இலையின் ஓரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன.

"ஏன் அண்ணை, கழிச்சு வைச்சிருக்கிறியள்?"

"எனக்கு வாய்வு."

"அவரும் இதைத்தான் சொல்லுறவர்" என்றார் அன்னபாக்கியம். சோற்றைப் போட்டார். அந்த வரிசையைக் கையால் கூட்டியள்ளி எச்சில் வாளிக்குள் போட்டார். "வாற வருஷம் வெறும் சீஸ்தான் வைப்பன்."

சவுந்தரநாயகம் வாயைத் திறந்தார். தங்கை அடுத்த இலைக்குப் போய்விட்டார். அது விண்ணப்பமாக வரவில்லை, அறிவித்தலாக வந்திருந்தது. அப்படி வருவதைத் திருப்பி அனுப்பும் முறை அவருக்குத் தெரியாது. எனவே ரசம் கேட்டார்.